நாற்காலியை இழுத்துப் போட்ட அஃப்ஸர் ஜஹான்

தலைமை ஏற்று வீற்றிருக்கும் முதலாளி ஹபீப் சாஹிப் அவர்களே, நான் வாயைத் திறப்பதற்கு முன்பே கடிகாரத்தைப் பார்க்கும் உற்பத்தி மேலாளர் செந்தில்குமார் அவர்களே, ஆம்பூர்த் தோலை அயல்நாட்டுக் கால்களுக்கு அணிவிக்கும் பெரியோர்களே, அடுப்பில் சோறு, இடுப்பில் பிள்ளை, இயந்திரத்தில் காலணி என அத்தனையும் முடித்துவிட்டு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, பிரியாணி வாசம் பிடித்துப் பின்வரிசையில் நிற்கும் தோழர்களே, எல்லாருக்கும் மெக்கானிக் கன்னியப்பனின் வணக்கம், சலாம்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை அனுப்பிவிட்டது. அதற்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. தையல் இயந்திரத்தின் வாயைத் திறந்து பார்ப்பவனுக்கு இன்று தன் வாயைத் திறக்க வாய்ப்பு. என்னம்மா சிரிக்கிறீர்கள், எப்போது மூடுவான் என்றா?

தலைமைக்கு வரும் பெண்கள் எப்படிப் பேசுவது, எப்படி அமர்வது என்று வகுப்பெடுக்கச் சென்னையிலிருந்து வந்திருக்கிறார்கள். வாழ்க அவர்கள் பணி. ஆனால் வகுப்புக்கு முன்பே அமர்ந்து காட்டிய ஒருவர் நம்மிடம் உண்டு. மூன்றாவது லைனின் பொறுப்பாளர், நாம் எல்லாரும் அக்கா என்ற உரிமையோடு ஆபா என்று அழைக்கும் அஃப்ஸர் ஜஹான்.

அந்த லைனில் தைப்பவர்கள் குடியாத்தம் பஸ்ஸில் வரும் பெண்கள். ரயில்வே கேட் மூடினால் பஸ் நிற்கும். பஸ் நின்றால் லைன் நிற்கும். லைன் நின்றால் மேலாளர் நிற்கமாட்டார், குதிப்பார். மன்னிக்க வேண்டும் சார், நீங்களும் சிரிக்கிறீர்களே. கடைசியில், லைனை மூடிவிட்டுப் பெண்களைத் திருப்பத்தூர் யூனிட்டுக்கு அனுப்பலாம் என்று பேச்சு வந்தது. குடியாத்தத்துப் பெண் திருப்பத்தூர் போய் எப்போது வீடு திரும்புவாள்? அவளுக்கு அது மாற்றலா, வேலை போவதா?

ஆபா ஒரு வழி கண்டார். அந்த லைன் மட்டும் அரைமணி தாமதமாகத் தொடங்கி, அரைமணி தாமதமாக முடியட்டும். காலைக் கூட்டத்தில் சொன்னார். எங்கிருந்து? கதவோரம் நின்று. ஆண்களுக்கு நாற்காலி, ஆபாவுக்கு வாசற்படி. யாரும் போட்ட சட்டமில்லை, பழகிப்போனது. முதலாளி காதுக்கு எட்டவில்லை. மேலாளர் எடுத்துச் சொன்னார்: “லேட்டா வர்றவங்கள மாத்திட்டா லைன் ஓடும்னு சொல்றாங்க சார்.”

காப்பாற்றப் புறப்பட்ட வார்த்தை, கழுத்தறுக்கும் கத்தியாகப் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் ஆபா உள்ளே வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டார். முதலாளிக்கு நேர் எதிரே அமர்ந்தார். மின்விசிறியைச் சரிசெய்ய வந்த நான் ஏணி மேலிருந்து பார்க்கிறேன்.

“இன்னாம்மா, ஒக்காந்துட்டீங்க?” என்றார் மேலாளர்.

“நின்னுகினு சொன்னா டீ குடுக்க வந்தவள்னு நெனச்சிக்கிறாங்க சார். அதான்.”

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். ஆபா குரலை உயர்த்தவில்லை. “ஆளுங்கள மாத்த வேணாம் சாப். நேரத்த மாத்துங்க.”

“அதாவது சார், அவங்க இன்னா சொல்ல வர்றாங்கன்னா...” என்று மேலாளர் தொடங்கினார்.

“நானே சொல்லிக்கிறேன் சார். நேத்து நீங்க சொல்லித்தான் அவங்களுக்கு வேல போற மாதிரி ஆயிடுச்சி.”

அன்பர்களே, கத்துவதா ஆளுமை? கோட்டு மாட்டுவதா ஆளுமை? தன் சொல்லைத் தானே சுமந்து, தன் இடத்தில் தானே அமர்ந்து, தன்னை நம்பியவர்களுக்காகத் தளராமல் பேசுவதல்லவா ஆளுமை? அங்கே கைதட்டுவது குடியாத்தம் பஸ்தானே, நன்றாகத் தட்டுங்கள்.

“ஒரு மாசம் பாக்கலாம்” என்றார் முதலாளி. மாதம் முடிந்தது, லைன் ஓடியது. அந்த நேரம் நிலைக்குமா, லைன் நிலைக்குமா என்பதை இன்று தம் தலைமையுரையில் சொல்லப்போகிறார். அந்தப் பெண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

இப்போது அழைப்பிதழைப் பாருங்கள். எனக்குப் பிறகு தலைமையுரை. அதற்கும் பிறகு, நன்றியுரை: அஃப்ஸர் ஜஹான். முடிவைச் சொல்லி முடித்த பிறகா அவர் பேசுவது? எல்லாரும் செருப்பைத் தேடும் நேரத்திலா? கழன்ற திருகைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. முதலாளி அனுமதித்தால் அடுத்து ஆபா பேசட்டும், முடிவு அதன் பிறகு வரட்டும். தலையசைத்துவிட்டார், எல்லாரும் பார்த்தீர்கள்.

நன்றி சொல்லும் வேலை இனி என்னுடையது, இப்போதே முடித்துவிடுகிறேன். பந்தல் போட்டவர்களுக்கு நன்றி, அண்டாவைக் கிளறும் நவீத் பாய்க்கு நன்றி, கோபிக்காமல் சிரித்த மேலாளருக்கு இரண்டு நன்றி, கேட்டுக்கொண்டிருந்த உங்களுக்குக் கோடி நன்றி.

வாங்க ஆபா. மைக்கை உங்கள் உயரத்துக்கு மாற்றிவைத்திருக்கிறேன். வணக்கம்.