செவ்வாய்க்கிழமை வந்த ஞாயிறு

செவ்வாய்க்கிழமை காலை, செஞ்சியிலிருந்து திண்டிவனம் போகும் பஸ். பாதிப் பேர் கம்பெனி கோட்டும் கழுத்தில் அடையாள அட்டையுமாக இருந்தார்கள். எனக்கு முன்சீட்டில் பட்டுப்புடவையும் மல்லிகையுமாக ஓர் அம்மாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்த கோட்டுக்காரப் பெண்ணுக்கு அவரைத் தெரிந்திருந்தது.

“இன்னாக்கா, வேலைக்குப் போவலியா?”

“இன்னிக்கு எனக்கு ஞாயித்துக்கெழம.”

நாலைந்து தலைகள் திரும்பின. என்னுடையதும்தான்.

“போன ஞாயித்துக்கெழம எங்க கம்பெனில அர்ஜென்ட் ஆர்டருன்னு வரச் சொல்லிட்டாங்க. அதுக்குப் பதிலு லீவு. சம்பளத்துல கை வெக்க முடியாது.”

“அவங்களே குடுத்தாங்களா?”

“அவங்களா? நோட்டீஸ் போர்டுல சட்டத்த ஒட்டிட்டு, அது மேலயே தினசரி காலண்டர மாட்டியிருந்தாங்க. ஞாயித்துக்கெழம தாள் கிழிக்கப் போனேன், காலண்டரே கையோட வந்துடுச்சி. அடியில பாத்தா, வார லீவுல வேலை வாங்கினா வேற நாள் லீவு குடுக்கணும்னு தமிழ்லயே போட்டிருக்குது. சூப்பர்வைசர கூப்ட்டு, ‘சார், கண்ணாடி எடுத்தாரல, இத்த கொஞ்சம் சத்தமா படிங்க’ன்னேன்.”

“படிச்சாரா?”

“பாதியிலயே நிறுத்திட்டாரு. மீதிய நானே படிச்சேன். லைன் மொத்தமும் மிஷின நிறுத்திட்டுக் கேட்டுச்சி. இப்ப அத்தினி பேருக்கும் லீவு போட்டாச்சி.”

அம்மாள் இறங்குவதற்காக எழுந்தபோது அந்தப் பெண் கேட்டாள்.

“யக்கா, எங்க கம்பெனி நோட்டீஸ் போர்டு மேல பெருசா சாமி படம் மாட்டியிருக்காங்களே?”

“கும்புட்டுட்டுத் தூக்கிப் பாரு.”