தைல வாசம்

சளி பிடித்தால் நான் மாத்திரை போடுகிற ஆள் இல்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. நாலு தைல இலையை வெந்நீரில் போட்டு ஆவி பிடித்தால் போதும். எங்கள் நாற்றுப்பண்ணையில் எல்லோரும் அப்படித்தான். காஜா மொய்தீனும் அப்படித்தான்.

எண்ணூர்ப் பக்கம் சாம்பல் படிந்து உப்பேறிப்போன மண்ணில் புல்கூட யோசித்துத்தான் முளைக்கும். அதில் தைலமரம் வளர்த்து, சில்லு சில்லாக வெட்டி, மின்சாரத்துக்காக எரிக்கக் கொடுப்பது எங்கள் கம்பெனியின் தொழில். அந்த மண்ணுக்கென்றே ஒரு ரகத்தை நான் உண்டாக்கினேன். ஒட்டுச் சேர்த்து, வாடினதைத் தள்ளி, நிமிர்ந்து நின்றதை மட்டும் வைத்துக்கொண்டு, என் வயதின் நல்ல பகுதி அதிலேயே போயிற்று. என் பெயர் செங்குட்டுவன் என்பதால் ஆட்கள் அதை 'செங்குட்டு' என்பார்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும். வேண்டாம் என்று நான் சொன்னதில்லை.

விதை போட்டு வளர்ப்பதில்லை, ஐயா. தாய்ச்செடியில் கிளை நறுக்கி வேர்பிடிக்க வைப்போம். ஆகவே எல்லா மரமும் ஒரே மரம்தான். ஒன்றுக்கு வந்த நோய் அத்தனைக்கும் வரும்.

காஜா எங்கள் மேஸ்திரி, தண்டையார்பேட்டைக்காரர். வெட்டின மரத்தின் தூரில் கொத்தாகத் தளிர் கிளம்பும். ஒன்றை விட்டு மற்றதை ஒடித்துப் போடுவது அவர் வேலை. "நல்லா கீறதையும் ஒடிக்க பேஜாரா கீது சார்" என்பார். ஒன்று பருக்கவேண்டுமானால் மற்றது போகத்தான் வேண்டும் என்று நான் அவருக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

போன ஐப்பசியில் ஒருநாள் காலை, தாய்ச்செடிப் பாத்தியில் என்னைப் பிடித்துக்கொண்டார். தும்மிக்கொண்டே வந்தார். கையில் ஒரு கொழுந்து.

"இன்னா சார் இது, காம்பெல்லாம் முண்டு முண்டா கீது?"

"வெயில்தான், பாய்."

"வெயிலா? பூச்சி சார். உள்ள முட்ட வச்சிகீது. வேற தோட்டத்துல பாத்துகீறேன், ஒரு மரம் தேறல. நாளைக்கு ஜெயஸ்ரீ மேடம் வராங்கல்ல, காட்டிடலாம். நம்மள நம்பி எத்தினி ஊர்ல இந்த நாத்த வாங்கி நடப்போறானுங்க."

ஜெயஸ்ரீ தலைமை அலுவலகத்து அதிகாரி. அந்த முண்டைப் பார்த்தால் செங்குட்டு முழுவதையும் பிடுங்கிக் கொளுத்தச் சொல்லிவிடுவார். எனக்கு அந்தப் பூச்சி புதிதில்லை. ஆட்கள் வருமுன் தினமும் நானே அந்தக் கொழுந்துகளைக் கிள்ளிப் பையில் போட்டுக்கொண்டிருந்தேன். ஒன்று தப்பிவிட்டது. பயந்துபோனேன், அதை மறைக்கவில்லை.

"சளி கட்டிக்கிச்சே பாய்" என்றேன். "கிடங்குக்குள்ள கொஞ்சம் நில்லுங்க. பச்சைச் சில்லு, வாசம் கும்முன்னு இருக்கும். ஈரம் பாக்க அடியிலேர்ந்து ஒரு கூடை அள்ளிட்டு வாங்க. மேடம்கிட்ட நாளைக்கு ரெண்டு பேருமா சொல்லுவோம்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்டி சொல்லு சார்" என்றார்.

பச்சைச் சில்லை மூடிய கிடங்கில் குவித்தால் அது புழுங்கி, மனிதன் சுவாசிக்கும் காற்றைத் தின்றுவிடும். பதிலுக்கு வாசனையே இல்லாத நச்சுக்காற்றை விடும். அங்கே விசிறி ஓடுவது அதற்காகத்தான். சூட்டுக்காக என்று ஆட்கள் நினைத்திருந்தார்கள். தைலம் மணக்கிற இடத்தில் கெட்ட காற்று இருக்குமென்று யாருக்குத் தோன்றும்? தூசி நாற்றின்மேல் படிகிறதென்று முந்தின நாள்தான் விசிறியை நிறுத்தச் சொல்லியிருந்தேன். மறுபடி போட நான் மறந்துவிடவில்லை. போடவில்லை.

மறுநாள் ஜெயஸ்ரீ வந்தார். செடியைப் பார்க்க யாருக்கும் மனசில்லை. காஜாவின் மனைவி காத்தூன் பீவி கேட்டருகே விழுந்து அழுதார். நான்தான் தண்ணீர் கொடுத்தேன். அந்த வாரமே நாற்றுகள் லாரியில் ஏறின.

அவரை நான் தள்ளவில்லை, ஐயா. கூடையோடு தானாக நடந்து போனார். உங்கள் கேள்வி கதவைப் பற்றி. காற்று சாத்தியிருக்கும் என்று நேற்று சொன்னேன். காற்று கதவைச் சாத்தும், வெளியே தாழ் போடாது. நான்தான் போட்டேன். உள்ளிருந்து "சார்" என்று ஒருமுறை கூப்பிட்டார். பிறகு தட்டினார். பலமாகக்கூடத் தட்டவில்லை.

அப்போது தூறல் ஆரம்பித்திருந்தது. கதவைத் திறந்திருந்தால் சில்லு நனைந்துபோயிருக்கும்.