கேத்தரின் நான்கு முறை முழுக்கப்பட்டது பற்றி

1910-ஆம் வருஷம் ஜனவரி மாதம் 24-ஆம் தேதி, பெங்களூர் கன்டோன்மென்ட் மாஜிஸ்திரேட் முன்பாகச் சாட்சி பிரமாணம் செய்து தமிழில் சொன்னது.

என் பெயர் ஓஸ்வால்ட் ஞானாபரணம். தகப்பனார் பெயர் சாமுவேல் ஞானாபரணம். வயது அறுபத்தெட்டு. பிளாக்பள்ளியில் மார்க்கெட்டுக்குப் பின் தெருவில் குடியிருக்கிறேன். இதே கோர்ட்டில் இருபத்தொன்பது வருஷம் மொழிபெயர்ப்பாளராக இருந்து இப்போது பென்ஷனில் இருக்கிறேன். பிறர் வாக்குமூலத்தை எழுதிப் பழகியவனே தவிர, நானே சொல்லிப் பழக்கமில்லை. முன்பின்னாக உளறிவிடுவேன் என்ற பயத்தால், சொல்லப்போவதை முதலில் வரிசைப்படுத்திக்கொள்ள அனுமதி கேட்டேன். அனுமதி கிடைத்தது.

1. இறந்துபோன கேத்தரின் யார் என்பது.
2. அவள் மார்மன் மார்க்கத்தைப் பின்பற்றத் தொடங்கிய விதம்.
3. உடம்பு சரியில்லாதவளுக்கு அன்றைக்கே ஞானமுழுக்குக் கொடுக்க நேர்ந்த காரணம்.
4. நான்கு முறை முழுக்கப்பட்டாள் என்பதும், ஒவ்வொரு முறைக்கும் தக்க காரணம் இருந்தது என்பதும்.
5. குற்றம் சாட்டப்பட்ட எதிரி டால்பி துரை அவளைப் பலவந்தமாக முழுக்கவில்லை என்பது.

கேத்தரின் என் பக்கத்து வீட்டுப் பெண். வயது இருபத்திரண்டு. பெற்றோர் பிளேக்கில் போன பிறகு அவளை வளர்த்தவர் அவள் அண்ணன் ஆம்ப்ரோஸ். அவர்தான் இந்த வழக்கில் பிராது கொடுத்தவர். பிளாக்பள்ளியில் காபிக்கொட்டை வறுத்து அரைத்து விற்கிறார். கேத்தரின் பதினெட்டு வயதில் கோலார் தங்கவயலுக்குப் போய், அங்கே மின்கம்பி வேலை பார்த்த அமெரிக்கர் ஹைரம் டால்பி துரை வீட்டில் குழந்தைகளுக்குத் துணி தைக்கும் வேலையில் சேர்ந்தாள். துரையும் துரைசானியும் மார்மன் மார்க்கத்தார். வேதாகமத்தோடு இன்னொரு புத்தகத்தையும் வேதமாகக் கொண்டவர்கள். துரைசானி அதை அவளுக்கு வாசித்துக் காட்டினார். மூன்று வருஷம் கழித்துத் துரைசானி குழந்தைகளோடு சொந்த ஊருக்குக் கப்பலேறிய பிறகு கேத்தரின் அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்தாள்.

திரும்பி வந்தவள் காபியும் தேநீரும் குடிக்கவில்லை. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை பட்டினி கிடந்தாள். ஞாயிறு ஆராதனைக்கு எல்லோரும் போன பிறகு வீட்டில் தனியாக உட்கார்ந்து அந்த ஆங்கிலப் புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படித்தாள். புரியாத சொற்களுக்கு என் வீட்டு ஜன்னலுக்கு வந்து அர்த்தம் கேட்பாள். நான் சொல்வேன். அது சரியா என்று எனக்கு அப்போதும் நிச்சயம் இல்லை.

ஒரு நாள் கடையில் ஆம்ப்ரோஸ், "காபி வித்த காசுலதான்டி உன்னை வளர்த்தேன். இப்ப காபி பாவமாயிடுச்சா?" என்று கேட்டதை நேரில் கேட்டேன். அவள், "குடிக்கறவங்களை நான் ஒண்ணும் சொல்லலையே அண்ணா. எனக்கு வேணாம், அவ்வளவுதான்" என்றாள். கடைக்கு வந்திருந்த ஒருவர், "ஏம்ப்பா ஆம்ப்ரோஸ், உன் தங்கச்சி அந்தத் துரைக்கு எத்தினியாவது சம்சாரமா போகுது?" என்று கேட்க, நின்றவர்கள் சிரித்தார்கள். பலதார மணத்தை அந்த மார்க்கத்தார் விட்டு இருபது வருஷம் ஆகப்போகிறது என்று கேத்தரின் சொன்னாள். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. அதன் பிறகு அவளுக்கு நிச்சயமாகியிருந்த கல்யாணம் நின்றது. தைக்கத் துணி கொடுத்துவந்த வீடுகளும் ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டன.

அண்ணன் சம்மதிக்கட்டும் என்று காத்திருந்து தங்கவயலில் ஞானமுழுக்குப் பெறாததால் அவள் இன்னும் அந்தச் சபையைச் சேர்ந்தவளாகவில்லை. கொடுக்க அதிகாரம் பெற்றவர் எங்களுக்குத் தெரிந்து டால்பி துரை ஒருவர்தான். அவருக்குத் தங்கவயலில் ஒப்பந்தம் முடிந்து, டிசம்பர் 20-ஆம் தேதி மாலை ரயிலில் பெங்களூரிலிருந்து பம்பாய்க்குப் புறப்படுவதாகக் கடிதம் வந்தது. கேத்தரினுக்கு அப்போது மூன்று வாரமாக இருமல். "அடுத்த வருஷம் யாராவது வருவாங்கம்மா" என்றேன். "யார் வருவாங்க, ரைட்டர் ஐயா? பேர் சொல்லுங்க" என்றாள்.

20-ஆம் தேதி காலை ஆறரை மணிக்கு லிங்கராஜபுரத்துக்கு அப்பால், மூடிக் கிடந்த செங்கல் சூளையின் குட்டைக்குப் போனோம். கேத்தரின், அவள் அண்ணி பிரிஜெட், டால்பி துரை, நான் ஆகிய நால்வர். ஆம்ப்ரோஸுக்குத் தெரியாது. பனி விலகவில்லை. கேத்தரின் லாங்கிளாத் துணியில் தானே தைத்த வெள்ளை உடுப்புப் போட்டிருந்தாள். துரை அவள் இருமலைக் கேட்டுவிட்டு, வேண்டாம் என்றால் இப்போதே திரும்பிவிடலாம் என்று ஆங்கிலத்தில் சொன்னார். நான் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் அவள் தண்ணீரில் இறங்கிவிட்டாள்.

உடம்பு முழுவதும் ஒரே சமயத்தில் தண்ணீருக்குள் போக வேண்டும், துணி நுனியோ விரலோ மேலே நின்றாலும் மறுபடி செய்ய வேண்டும், அதைப் பார்த்துச் சொல்ல இரண்டு சாட்சிகள் தேவை என்று துரை விளக்கினார். அந்த மார்க்கத்தார் வேறு யாரும் இல்லாததால் பிரிஜெட்டும் நானும் சாட்சிகளானோம். இரண்டு பேரும் எல்லாவற்றையும் பார்த்தால் எதையும் சரியாகப் பார்க்க மாட்டோம் என்று எண்ணி நான் வேலையைப் பிரித்தேன். தலையும் தோளும் பிரிஜெட், கைகால்களும் உடுப்பும் நான். பிரிஜெட், "தலையைப் பாக்கணுமா? பேன் பாக்கறதுன்னா சொல்லுங்க, நல்லாப் பாப்பேன்" என்றாள். கேத்தரின் தண்ணீரில் நின்றபடி சிரித்தாள். சிரிப்பு இருமலாயிற்று.

முதல் முறை பின்னல் தண்ணீர்மேல் மிதந்தது. பிரிஜெட் சொன்னாள், நானும் கண்டேன். பின்னலைச் சுற்றிக் கட்டினார்கள். இரண்டாம் முறை பாவாடையில் காற்றுப் புகுந்து பந்துபோல் மேலே வந்தது. எல்லோரும் கண்டோம். என் யோசனைப்படி பாவாடை ஓரத்தில் செங்கல் சில்லுகளை முடிந்தோம். அதற்குக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவ்வளவு நேரமும் அவள் இடுப்பளவு தண்ணீரில் நின்றாள். மூன்றாம் முறை வலது முழங்கை வெளியே நின்றது. இதைக் கண்டு சொன்னவன் நான். துரை என்னைப் பார்த்து, "நிச்சயமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். நிச்சயம் என்றேன். அவர் கேத்தரினைக் கரைக்கு அழைத்தார். அவள் வரவில்லை. உதடு நீலமாகியிருந்தது. "ரைட்டர் ஐயா, இந்தத் தடவை நல்லாப் பாத்துக்கங்க" என்றாள். நான்காம் முறை எல்லாம் உள்ளே போயிற்று என்றேன். துரை அவளைத் தூக்கிக்கொண்டு கரையேறினார்.

அன்று மாலை துரை ரயிலேறினார். மறுநாள் கேத்தரினுக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் ஏறியது. 29-ஆம் தேதி காலை இறந்தாள். மார்க்கம் மாறியவள் என்று கல்லறைத் தோட்டத்தில் குடும்பத்தார் பக்கத்தில் இடம் கிடைக்காமல், சுவரோரமாகத் தனியாக அடக்கம் செய்தோம். வெள்ளைக்காரன் தங்கச்சியைத் தண்ணீரில் அமுக்கிக் கொன்றுவிட்டான் என்று ஆம்ப்ரோஸ் பிராது கொடுத்து, துரையைப் பம்பாயில் கப்பலேறுமுன் பிடித்துக் கொண்டுவந்தார்கள். அவர் அவளைப் பலவந்தமாக அமுக்கவில்லை. ஒவ்வொரு முறையும் அவளே மூக்கைப் பிடித்துக்கொண்டு பின்னால் சாய்ந்தாள்.

கேள்விக்குச் சொல்வது: நான்காம் முறை தண்ணீரில் இறங்காதிருந்தால் ஒருவேளை பிழைத்திருப்பாள் என்று டாக்டர் இங்கே சொன்னதைக் கேட்டேன். தேவையில்லாமல் முழுக்கினார் என்பதே இப்போது எதிரி மீதுள்ள குற்றச்சாட்டு என்பதும் எனக்குத் தெரியும்.

இவ்வளவும் சாட்சிக்கு வாசித்துக் காட்டப்பட்டது. சரிதானா என்று கேட்டதற்குச் சாட்சி பின்வருமாறு சேர்க்கச் சொன்னது:

என் வரிசையில் நான்காவதாக, ஒவ்வொரு முறைக்கும் தக்க காரணம் இருந்தது என்றது தப்பு. மூன்றாம் முறைக்கு அவள் சாய்ந்தபோது தண்ணீர் தெறித்து என் மூக்குக்கண்ணாடி முழுவதும் நனைந்துவிட்டது. வெள்ளையாக ஏதோ அசைந்தது தெரிந்தது. முழங்கையை நான் காணவில்லை. சாட்சியாக நின்றுகொண்டு, பார்க்கவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. முழுவதும் போயிற்று என்று சொல்லி, போகாமல் இருந்துவிட்டால் அவள் இத்தனை வருஷம் காத்திருந்தது என்னால் வீணாகுமே என்று பயந்தேன். சந்தேகமானால் மறுபடி செய்வதுதான் பத்திரம் என்று நினைத்தேன். சந்தேகம் என்று சொல்லியிருந்தால் துரை பிரிஜெட்டைக் கேட்டிருப்பார், நான் பார்க்காதது வெளிப்பட்டிருக்கும். அதனால் முழங்கை என்றேன். வலது என்று சேர்த்ததும் நானே. பிரிஜெட் அன்று திரும்பி வரும்போது, "நான் முழங்கையெல்லாம் பாக்கலீங்க, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். நான்காம் முறை துரை முழுக்கியது என் வார்த்தையை நம்பி.

இந்தத் திருத்தத்தோடு சேர்த்துப் படித்தால் மேலே எழுதியது உண்மை. இதை நீக்கிப் படித்தால் உண்மை அல்ல.

(ஒப்பம்) ஓஸ்வால்ட் ஞானாபரணம்