கண்ணீர்ப் பிரசங்கியாரின் வெறுங்கால்

படம் என்னமோ நல்லாத்தான் போட்டிருக்காங்க, பாஸ்டர். மூக்கு அப்பாவோட மூக்குதான். அந்தக் கண்ணாடியும் அவரோடதுதான். கால்தான் தப்பு. எங்கப்பா வெறுங்கால்ல நடந்து நான் பாத்ததே இல்ல. வீட்டுக்குள்ளயும் தோல் செருப்புதான். சரக் சரக்குன்னு அந்தச் சத்தம் கேட்டாலே நானும் அம்மாவும் பேச்ச மாத்திடுவோம். சரி விடுங்க, அழைப்பிதழ் அச்சடிச்சாச்சு. அந்த நாற்காலி ஆடும், இதுல உக்காருங்க.

புரியுது, புரியுது. அவரு பொறந்து நூறு வருஷம் ஆச்சுன்னு விழா எடுக்கறீங்க. நான் மேடையேறி சாட்சி சொல்லணும். வழிதவறிப் போன பொண்ணு திரும்பி வந்தப்போ தகப்பன் வெறுங்காலோட ஓடிவந்து கேட்டத் திறந்து கட்டிப்பிடிச்சாரே, அந்தப் பொண்ணு நான்தான்னு சபை முன்னாடி சொல்லணும். அஞ்சு நிமிஷம். அதானே?

நாப்பது தடவ கேட்டிருக்கீங்களா, அப்பா அதப் பேசின கேசட்ட? அடேங்கப்பா! அதக் கேட்டுத்தான் ஊழியத்துக்கே வந்தீங்களா? அப்போ உங்ககிட்டப் பேசறது கொஞ்சம் கஷ்டம்தான்.

இல்ல, அவரப் பெரிய பிரசங்கியார் இல்லன்னு நான் சொல்லவே மாட்டேன். கண்ணீர்ப் பிரசங்கியார்னு ஊரு சும்மா பேரு வைக்குமா? அவரு வாயத் திறந்தா கல்லும் கரையும். எத்தனையோ பேரு குடிய விட்டாங்க, அது நெசம். ஆனா அந்த வீட்டுக்குள்ள இருந்தவங்களுக்குத்தான் தெரியும், ஒவ்வொரு பிரசங்கமும் எங்கேர்ந்து வந்துச்சுன்னு. அம்மா ஒரு நாள் சாப்பாட்டுல உப்புப் போட மறந்துட்டாங்க. அந்த ஞாயித்துக்கெழம முழுக்க உப்பப் பத்திதான். எனக்குப் பத்து வயசு, கூடப் படிக்கறவளோட பென்சில் டப்பாவ எடுத்துட்டு வந்துட்டேன். அழுதுகிட்டே அவர்கிட்டயே சொன்னேன். அப்பாதானேன்னு சொன்னேன். தலையத் தடவிக் குடுத்தாரு. ஞாயித்துக்கெழம, எனக்குத் தெரிஞ்ச ஒரு சின்னப் பொண்ணுன்னு ஆரம்பிச்சாரு பாருங்க! மொத்த சபையும் திரும்பி என் மூஞ்சியப் பாத்துச்சு. பென்சில் டப்பாவுக்குச் சொந்தக்காரி அடுத்த பெஞ்சுலதான் இருந்தா. அன்னைக்கு முடிஞ்சுது, அதுக்கப்புறம் அவர்கிட்ட நான் எதையும் சொன்னதில்ல. நானும் அம்மாவும் ஏதாவது பேசணும்னா பின்கட்டுல குழாயத் திறந்து விட்டுட்டுத்தான் பேசுவோம். தண்ணிச் சத்தத்துல அவருக்குக் கேக்காது.

சிரிக்கறீங்க. நீங்களும் பிரசங்கம் பண்றவர்தான், உங்க வீட்டுல எப்படியோ.

சனிக்கெழம மத்தியானம்தான் அவரு தயார் பண்ற நேரம். யாரும் வந்து தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு கேட்டப் பூட்டி சாவியச் சட்டப்பைல போட்டுக்குவாரு. பீரோ கண்ணாடி முன்னாடி நின்னு முழுசா ஒரு தடவ பேசிப் பாப்பாரு. நோட்டுல செவப்புப் பென்சில்ல குறிச்சிருப்பாரு. இங்கே நிறுத்தவும். இங்கே குரல் உடையவும். இங்கே கைக்குட்டை. அந்த ரெண்டு மணி நேரம் வீட்டுல ஒரு கரண்டி கீழ விழக்கூடாது.

நான் எப்படி வழிதவறினேன்னு கேக்கவே இல்லையே நீங்க? மைக் செட்டுக்காரரக் கட்டிக்கிட்டேன், அவ்ளோதான். அவரு எங்க சபைக்காரரு இல்ல, அதுதான் குத்தம். அப்பா குரல ஊருக்கெல்லாம் கேக்க வெச்சதே அந்த மனுஷன்தான். அது அப்பாவுக்குத் தோணல. எனக்குப் பொண்ணே இல்லன்னுட்டாரு. நாங்க வேற ஊருக்குப் போயி கேசட்டுக் கடை போட்டுப் பொழச்சோம்.

ஒன்றர வருஷம் கழிச்சு ஏதோ ஒரு சபைக்காரங்க காப்பி போடச் சொல்லி ஒரு கேசட்டக் கொண்டுவந்து குடுத்தாங்க. போட்டுப் பாத்தா, எங்கப்பா குரல்! அவங்களுக்கு நான் யாருன்னு தெரியாது. அதுல சொல்றாரு, என் மகளே, நீ எங்க இருந்தாலும் கேளு, எந்த நாள் எந்த நேரம் வந்தாலும் இந்தத் தகப்பன் வீட்டுக் கதவு உனக்குத் திறந்திருக்கும். குரல் உடையுது. கூட்டம் ஓன்னு அழுவுது. நானும் அழுதேன், பாஸ்டர். சொன்னா வெக்கக்கேடு. பென்சில் டப்பா விஷயத்துல அடிபட்டவ, செவப்புப் பென்சில் குறிப்பெல்லாம் பாத்து வளந்தவ, நம்பிட்டேன். வேற யாரு நம்பினாலும் பரவால்ல, அந்த வீட்டுப் பொண்ணு நம்பலாமா? பிரசங்கத்தப் போயி கடுதாசின்னு நெனச்சுக்கிட்டேன்.

எட்டு மாசக் கொழந்தையத் தூக்கிக்கிட்டு மொத பஸ்ஸப் பிடிச்சேன். எறங்கறப்போ உச்சி வெயில். சனிக்கெழமன்னு எனக்கு உறைக்கவே இல்ல.

கேட்டு பூட்டியிருந்துச்சு. உள்ள அவரு குரல் கேக்குது, தயார் பண்ணிக்கிட்டிருக்காரு. நான் கேட்டப் பிடிச்சு ஆட்டினேன். ஜன்னல்ல வந்து நின்னாரு. கண்ணாடிய ஏத்திவிட்டுப் பாத்தாரு. என்னப் பாத்தாரு, இடுப்புல இருந்த கொழந்தையப் பாத்தாரு. அப்புறம் திரைய இழுத்து விட்டுட்டாரு. குரல் விட்ட எடத்துலேர்ந்து மறுபடியும் ஆரம்பிச்சுது.

இருங்க, முடிக்கல. குறுக்க பேசாதீங்க.

ரெண்டாவது கேசட்டு அடுத்த மாசமே எங்க கடைக்கு வந்துச்சு. நீங்க நாப்பது தடவ கேட்ட அந்தக் கேசட்டு. அதுல அப்பா சொல்றாரு, மகள் வந்தாள், வெயிலில் கைக்குழந்தையோடு நின்றாள், நான் செருப்பையும் மறந்து ஓடினேன். வீட்டுக்காரரு வேண்டாம், திருப்பிக் குடுத்துடலாம்னாரு. வயித்துப்பாடுன்னு ஒண்ணு இருக்கே. இருநூறு காப்பி போட்டோம். நாந்தான் ஒண்ணொண்ணுக்கும் லேபிள் ஒட்டினேன்.

அதக் கேட்டுட்டு எத்தனையோ அப்பாங்க பொண்ணுங்களத் திரும்பச் சேத்துக்கிட்டாங்களாம். ஒருத்தி என்னைத் தேடி வந்து, உங்களாலதான் எங்கப்பா என்கிட்டப் பேசினாருன்னு கையப் பிடிச்சுக்கிட்டு அழுதா. அவகிட்ட நான் என்னத்தச் சொல்ல? அவ சந்தோஷத்தக் கெடுக்க மனசு வரல. அன்னைலேர்ந்து இன்னைக்கு வரைக்கும் வாயத் திறக்கல.

முழுப் பொய்யான்னு கேக்கறீங்களா? இல்லையே. செருப்பில்லாம ஒருத்தர் ஓடிவந்தது உண்மைதான். எங்கம்மா. பின்கதவு வழியா ஓடிவந்தாங்க. முற்றம் பூரா சிமெண்டுத் தரை, தோசைக்கல்லு மாதிரி கொதிக்குது. கம்பிக்கு நடுவுல கைய விட்டு என் மூஞ்சியத் தடவறாங்க, கொழந்தையோட பாதத்தப் பிடிச்சு முத்தம் குடுக்கறாங்க. சாவி அவரு சட்டப்பைல. ஒரு காலத் தூக்கறாங்க, மறு காலத் தூக்கறாங்க, ஆனா போகல. பத்து நிமிஷம் அப்படியே நின்னாங்க. உள்ளேர்ந்து ஒரு அதட்டல், தயார் பண்றப்போ அங்க என்ன சத்தம்னு. அப்புறம்தான் போனாங்க, விந்தி விந்தி. பாதம் ரெண்டும் கொப்புளம். அவரு திரைக்குப் பின்னாடி நின்னு எல்லாத்தையும் பாத்திருக்காரு, பாஸ்டர். கேட்டத் திறக்கல, உதாரணத்த எடுத்துக்கிட்டாரு.

அடுத்த ஞாயித்துக்கெழம அவரு அதப் பேசறப்போ அம்மா காலுல துணியச் சுத்திக்கிட்டு மொத பெஞ்சுல உக்காந்திருந்தாங்களாம். அந்தக் கேசட்டுல, செருப்பையும் மறந்துன்னு அவரு சொன்னதும் ஒரு பொம்பளக் குரல் விம்மும், கேட்டிருப்பீங்க. சபையே உருகிப் போச்சுன்னு நீங்க உதாரணம் சொல்வீங்களாம், அந்த எடத்த.

அது எங்கம்மா. இந்தப் படத்துல இருக்கறதும் அவங்க காலுதான்.

வர்றேன், வரமாட்டேன்னு சொல்லலையே. கூப்பிட்டா மேடையேறுவேன், ஆனா இதத்தான் சொல்லுவேன். என்ன, அதுக்குள்ள எந்திரிச்சிட்டீங்க? செருப்பு கதவுக்குப் பின்னாடி இருக்கு. போட்டுக்கிட்டே போங்க, பாஸ்டர். வெளிய தரை கொதிக்குது.