கடவுச்சொல் மன்றத்தில்தான் இருக்கிறது

எங்கள் மாதர் மன்றத்தின் தலைவராய் இருந்து, இந்த விழாவுக்கும் தலைமை ஏற்றிருக்கும் கிருஷ்ணம்மாள் அக்கா அவர்களே! படிப்பகத்து நாற்காலிகளையெல்லாம் நமக்காக அனுப்பிவைத்து, தாமும் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ராமலிங்கம் ஐயா அவர்களே! தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! சாயம் தோய்ந்த கையைக் கழுவிய ஈரம் காயுமுன் வந்தமர்ந்த பெரியோர்களே! ஐயம்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்து வந்திருக்கும் என் உறவினர்களே, என்னைப் பெற்ற எல்லம்மாளே! பிள்ளையார்பாளையத்து மண்ணில் நின்று உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

பின்வரிசையில் கேட்கவில்லையா? மன்னியுங்கள். மூன்றாண்டுக் கல்லூரியில் வருகைப் பதிவுக்குப் பதில் சொன்னதைத் தவிர வாய் திறக்காதவள் நான். இதோ, மைக்கை இழுத்துக்கொண்டேன். பெருமைப்பட வேண்டியதைப் பேசாமல் இருந்தால் அதற்குப் பெயர் பணிவா? பயம்.

சென்ற ஆண்டு, 2003இல், நவராத்திரிக்குச் சற்று முன் சென்னை அலுவலகம் ஒன்று தன் பழைய கணினியை நமக்குக் கொடுத்தது. பெட்டி வந்தது. திரை வந்தது. சுட்டி வந்தது. உயிர் வந்ததா? வரவில்லை! உள்ளே இருந்ததையெல்லாம் அழித்துவிட்டே அனுப்பியிருந்தார்கள். கணினி படித்தவள் என்று அதை என்னிடம் ஒப்படைத்தீர்கள். அதை இயக்கும் மென்பொருளை விலைக்கு வாங்க வசதியில்லை. திருட்டுப் பிரதி போட எனக்கு மனமில்லை. கணினியைக் கேட்டு வாங்கித் தந்தவர் ராமலிங்கம் ஐயா. விஜயதசமியன்று ஓடினால் மன்றத்திலேயே இருக்கட்டும், ஓடாவிட்டால் படிப்பகத்துக்கு எடுத்துப் போகிறேன், பையன்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று சொல்லிவிட்டார். ஐயா சிரிக்கிறார். உண்மைதானே, ஐயா?

படிப்பகம் நல்ல இடம்தான். ஆனால், அதன் படியில் நம்மில் எத்தனை பெண்கள் கால் வைத்திருக்கிறோம்? என் வகுப்பில் மூன்று பேருக்கு ஒரு கணினி. அடுத்தவர் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தே பட்டம் வாங்கியவள் நான். நம் பெண்களும் எட்டிப் பார்த்தே காலம் கழிக்க வேண்டுமா?

என்னோடு படித்த ஜெபகுமார் மூன்று குறுந்தகடுகளைக் கொடுத்தான். அதற்குப் பெயர் லினக்ஸ். யாரும் எடுக்கலாம், யாருக்கும் கொடுக்கலாம், உள்ளே எப்படி நெய்திருக்கிறார்கள் என்று பிரித்தும் பார்க்கலாம், திருத்தலாம். யாரும் திருட்டு என்று சொல்ல முடியாது என்றான். நான் அதைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

மறுநாள் ஆயுதபூஜை. தறியும் தொடக்கூடாது, தராசும் தொடக்கூடாது. கணினியை மட்டும் தொடலாமா? தகடுகளோடு சேர்த்துச் சாமி முன்னால் வைத்துவிட்டோம். விஜயதசமி காலையில் பொத்தானை அழுத்தினேன். முதல் தகடு முக்கால் மணி நேரம் ஓடியது. திரை இரண்டாவது தகட்டைக் கேட்டது. போட்டேன். பெட்டி கடகடவென்று நடுங்கியது. தகட்டைப் படிக்க முடியவில்லை என்று எழுத்து வந்தது. மறுபடி போட்டேன். மறுபடியும் அதே எழுத்து. ராமலிங்கம் ஐயாவும் படிப்பகத்தாரும் பின்னால் வந்து நின்றுவிட்டார்கள்.

“பொட்டிக்கு அருள் வந்துச்சும்மா. வேப்பிலை எடுத்தாரட்டுமா?” என்றார் ஐயா.

எல்லோரும் சிரித்தார்கள். தகட்டை வெளியே எடுத்துத் திருப்பினேன். பளபளக்கும் பக்கத்தில் அழகாக மூன்று சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம்!

நம் தலைவரின் முகம் சிறுத்துவிட்டது. “நான்தான் வெச்சேன் கண்ணு. எல்லாத்துக்கும் வெச்சிக்கினே வந்தேன், இது மட்டும் உறை இல்லாம கெடந்துச்சு. பொட்டு வெக்காம எப்படி உடறது?” என்றார்.

நான் துப்பட்டாவால் தேய்க்கப் போனேன். சட்டென்று என் கையைப் பிடித்தார். “தேய்க்காத. பட்டுல காஞ்ச சந்தனத்தத் தேய்ப்பாங்களா?”

முகூர்த்தப் புடவையில் சந்தனம் பட்டால் எப்படி எடுப்பது என்று காஞ்சிபுரத்துக்கு யார் சொல்லித்தர வேண்டும்? பழைய வேட்டித் துணியை நனைத்துப் பிழிந்தார். பொட்டின் மேல் வைத்தார். பொறுத்திருந்தார். ஊறிய சந்தனத்தை ஒற்றி ஒற்றி எடுத்தார். ஒரு கீறல்? ஒரு கோடு? ஒன்றுமில்லை! தகடு சுழன்றது, பெட்டி பணிந்தது, மூன்றாவது தகட்டையும் கேட்டு வாங்கிக்கொண்டது.

பிறகுதான் திரை அந்தக் கேள்வியைக் கேட்டது. இந்தக் கணினியை முழுதாக ஆளும் கடவுச்சொல் என்ன? எதையும் சேர்க்க, எதையும் நீக்க, யாரை உள்ளே விடலாம் என்று முடிவு செய்ய அந்த ஒரு சொல் போதும். நான் விளக்கியதும் ஐயா ஒரு துண்டுத்தாளை நீட்டினார். “அத இதுல எழுதிக் குடும்மா. மெஷின் இங்கயே இருக்கட்டும், வேணாங்கல. அது மட்டும் பொறுப்பா எங்ககிட்ட இருக்கட்டும்.”

தாய்மார்களே, அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. நம் ஊரில் எப்போதும் கேட்பதைத்தான் கேட்டார். நானும் எப்போதும் போல எழுதிக் கொடுத்திருப்பேன். தாளை வாங்கியும்விட்டேன். ஆனால் கிருஷ்ணம்மாள் அக்காவின் விரல் நுனியில் அந்தச் சந்தனம் இன்னும் காயாமல் இருந்தது.

“இல்லீங்க ஐயா. அது மன்றத்துகிட்டயே இருக்கும்” என்றேன்.

என் குரலா அது என்று எனக்கே சந்தேகம். ஐயா என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். தாளைத் திரும்ப வாங்கி, மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். “சரிம்மா. அப்ப பூட்டு உங்களுது” என்று சொல்லி, நான் தட்டும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்தப் பண்புக்காக இந்த மேடையில் அவரை வணங்குகிறேன்.

திரை விரிந்தது. பட்டியல் திறந்தது. தமிழ்! அன்று என்னோடு வந்திருந்த, அறிவொளி வகுப்பில் எழுத்துக் கற்ற என் அம்மா, விரல் வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். கணினியைப் பட்டதாரி மகளுக்கு முன்னால் படித்துக் காட்டினார்!

ஓராண்டு ஆயிற்று. முப்பத்தொரு பெண்கள் கற்றுவிட்டார்கள். புடவைக்குப் புட்டாப் பூ வரைகிறார்கள், மனு எழுதுகிறார்கள். கடவுச்சொல் என்னிடமா இருக்கிறது? ஏழு பேர் பொறுப்பில் இருக்கிறது, மாதந்தோறும் மாற்றுகிறார்கள். போன மாதம் மாற்றியதை எனக்கே சொல்லவில்லை. அரைமணி நேரம் வெளியே உட்காரவைத்து, எதற்கு வேண்டும் என்று கேட்ட பிறகே திறந்துவிட்டார்கள். என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த பெரிய மரியாதை அதுதான்!

இவ்வளவு நேரம் என் குரலுக்குக் காது கொடுத்த உங்களுக்கு நன்றி. கணினி அறையின் கதவு இன்று பூட்டப்படாது. கூட்டம் முடிந்ததும் வந்து உட்காருங்கள், பின்னால் நிற்காதீர்கள். வணக்கம்.