கேமராவைப் பார்க்காதே

மணி பதினொன்றைத் தாண்டியிருக்கும். வேடசந்தூர் ரோடு. அந்தப் பக்கம் அப்போது தெருவிளக்கு கிடையாது... புளியமரம் மட்டும்தான். மில் பஸ் பிரான்சிஸை இறக்கிவிட்டுப் போய்விட்டது. தலையெல்லாம் பஞ்சுத் தூசி. காற்றில் தோல் பதனிடும் ஷாப்பு வாடை. திண்டுக்கல்காரனுக்கு அது நாற்றமே இல்லை. ஊர் வந்துவிட்டது என்று அர்த்தம். நடந்தான்.

போன கரண்ட் வருகிறவரை ஒரு கதை சொல்கிறேன். யாருக்காவது கொல்லைப்பக்கம் போக வேண்டுமென்றால் இப்போதே போய்விட்டு வாருங்கள். பிறகு துணைக்கு ஆள் கேட்கக் கூடாது.

பிரான்சிஸ் என் சிநேகிதன். இது அவனுடைய தாய்மாமன் ராயப்பராஜுக்கு நடந்தது. ரெண்டாயிரம் பிறக்க ஒன்றிரண்டு வருஷம் இருக்கும்போது.

புதிதாகப் பிரித்துப் போட்ட பிளாட்டுகளுக்கு நடுவில் ஒற்றை வீடு. அதுதான் மாமா வீடு. ஜன்னலில் நீல வெளிச்சம் நடுங்கிக்கொண்டிருந்தது. உள்ளே சத்தம்... கிர்ர்ர்ர்... டக். ஒரு பஸ் கிளம்பும் இரைச்சல். ஜனங்களின் கூச்சல். மறுபடி கிர்ர்ர்ர்... டக். அதே பஸ். அதே கூச்சல்.

மாமா படம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதில் பயப்பட என்ன இருக்கிறது என்பீர்கள். மாமாவைத் தெரிந்தவர்களுக்கு அங்கேயே வியர்த்துவிடும்.

ராயப்பராஜ் பள்ளிக்கூட வாத்தியார். ஆனால் சினிமா அறிஞர் என்று அறியப்படவே விரும்பினார். சினிமாவைப் பற்றி அவர் வாயைத் திறந்தால் பங்குச் சாமியாரின் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் சுருக்கமாகத் தெரியும். தமிழில் நல்ல படம் இதுவரை வரவில்லை என்பது அவர் கட்சி. எந்தப் படத்தையும் இரண்டாம் முறை பார்க்க மாட்டார். "ஒரு படத்த ரெண்டாந்தடவ பாக்குறான்னா, மொத தடவ தூங்கியிருக்கான்னு அர்த்தம்" என்பார்.

அவர் மனைவி சகாயராணி, பிரான்சிஸின் அத்தை, நேர் எதிர். பிடித்த படம் டிவியில் எத்தனை முறை போட்டாலும் உட்கார்ந்துவிடுவாள். மாமா கிண்டல் செய்தால், "முடிவு தெரிஞ்ச படம்னா பயமில்லாம பாக்கலாம்ல" என்பாள். அவ்வளவுதான் அந்த அம்மாளின் சினிமா ரசனை. இன்றுவரை இதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்த மேடையிலும் கேட்கவில்லை.

தொண்ணூற்று மூன்றில் கன்னிவாடி மலையடிவாரத்தில் ஒரு படப்பிடிப்பு நடந்தது. மாமா எப்படியோ நுழைந்துவிட்டார். ஊர்த் தலைவர் வேஷம். ஒரே ஒரு வசனம். அதை ஒரு மாதம் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தார். கோழிகளுக்குக்கூட அது மனப்பாடம். கூட்டத்துக்கு ஆள் சேர்க்கும் பொறுப்பையும் தானே ஏற்று, பங்கு ஜனங்களை வேனில் ஏற்றிக்கொண்டு போனார். அத்தையும் அதில் ஒருத்தி. கையில் எலுமிச்சைச் சோற்றுத் தூக்குவாளி.

கதாநாயகி பஸ் ஏறி ஊரை விட்டுப் போகிறாள். ஊரே நின்று பார்க்க வேண்டும். "யாரும் கேமராவப் பாக்கக் கூடாது" என்று மைக்கில் சொன்னார்கள். எல்லோரும் பஸ்ஸைப் பார்த்தார்கள். அத்தை மட்டும் கேமரா பக்கமே திரும்பித் திரும்பிப் பார்த்தாள். கேமராவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு மாமா உட்கார்ந்திருந்தார். மணி மூன்றாகிவிட்டது. சர்க்கரை வியாதிக்காரர். சாப்பிட்டாரா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை.

படச்சுருள் வீணாகிறது என்று உதவி இயக்குநர் கத்தினார். மாமாவின் மானம் போயிற்று. நேராகப் போய் அத்தையின் தோளைப் பிடித்து, கேமராவுக்கு முதுகு தெரிகிற மாதிரி நிறுத்தினார்.

"எது நடந்தாலும் திரும்பிப் பாக்காத. நாஞ் சொல்றவரைக்கும் திரும்பக் கூடாது."

"சரிங்க" என்றாள்.

படம் வெள்ளிக்கிழமை வந்தது. வியாழக்கிழமை போனது. மாமாவின் வசனத்தை வெட்டிவிட்டார்கள்; அவர் நிழல்கூடத் திரையில் இல்லை. ஆனால் அத்தையின் முதுகு இருந்தது. சுங்குடிச் சேலை, கொண்டை, கொஞ்சம் கனகாம்பரம். திரையில் அது நின்றது பாதி அருள்நிறை மந்திரம் சொல்லும் நேரம், ஐந்தாறு வினாடி. அன்றைக்கே அதைத் தமிழின் மிக மோசமான படம் என்று மாமா அறிவித்தார். வீட்டில் அதன் பெயரைச் சொல்லக் கூடாது என்று உத்தரவு. அறிஞர்களுக்கு ஒரு படம் ஏன் பிடிக்கவில்லை என்பதற்கு இப்படித்தான் ஏதாவது ஆழமான காரணம் இருக்கும்.

அடுத்த மழைக்காலம் அத்தைக்கு மஞ்சள்காமாலை. பத்து நாள் தாங்கவில்லை.

மாமா அழவில்லை. பெரிய மனிதர் அல்லவா. ஆனால் சில வருஷம் கழித்து ஒரு நாள் காலை முகம் கழுவிக்கொண்டிருந்தவருக்கு அத்தையின் முகம் நினைவுக்கு வரவில்லை... சேலை வருகிறது, குரல் வருகிறது, முகம் வரவில்லை. கல்யாண போட்டோவைத் தேடி எடுத்தார். "தலையக் குனி, பொண்ணு மாதிரி நில்லு" என்று அன்றைக்கு அவரே சொல்லியிருந்தார். படத்தில் முக்காடு போட்ட நெட்டும் வகிடும்தான் இருந்தன. இன்னொரு போட்டோ, சவப்பெட்டியைச் சாய்த்து வைத்துக் குடும்பமே சுற்றி நின்று எடுத்தது. நம் கிறிஸ்தவ வேதக்காரர்கள் வீட்டிலெல்லாம் இருக்குமே, அது. மூக்கில் பஞ்சு. மூடிய கண். அதை முகம் என்று சொல்ல அவருக்கு மனசு வரவில்லை.

வேறு படமே கிடையாது.

சௌகத் அலியின் வீடியோ கடைக்குப் போனார். அந்தப் படத்தின் கேசட்டைக் கேட்டார். "எலிகூடக் கடிக்கலையே சார் இத" என்று தூசி தட்டிக் கொடுத்தார் சௌகத் அலி. "நீங்களே வச்சுக்கங்க."

அந்தக் கேசட்தான் அந்த ராத்திரி ஓடிக்கொண்டிருந்தது. பிரான்சிஸ் உள்ளே போனான். மாமா திரும்பவில்லை.

"மாப்ள, இங்கிட்டு வா. தோடு தெரியுது பாரு."

பிரான்சிஸ் பார்த்தான். பஸ். கூட்டம். அத்தையின் முதுகு. தோடு எதுவும் தெரியவில்லை.

"நேத்து வரைக்கும் கொண்டதான் தெரிஞ்சுச்சு" என்றார் மாமா. "இன்னைக்குக் கொஞ்சம் திரும்பிருக்கா. பச்சைக் கல்லு."

கிர்ர்ர்ர்... டக்.

அதன் பிறகு ஒவ்வொரு வாரமும் மாமா ஒரு செய்தி சொன்னார். கன்னம் தெரிகிறதாம். மூக்குத்தி தெரிகிறதாம். பிரான்சிஸுக்கு எப்போதும் முதுகுதான். ஆனால் ஒன்று அவனுக்கும் தெரிந்தது... படத்தில் வெள்ளைக் கோடுகள் விழ ஆரம்பித்திருந்தன. சரியாக அந்த இடத்தில் மட்டும்.

சௌகத் அலி வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "நாடா தேஞ்சுபோச்சு சார். ஒரே எடத்தத் திருப்பித் திருப்பி ஓட்டுனா அம்புட்டுத்தான். இனிமே ஓட்டாதீங்க. அந்துபோகும்." ஒரு நகலும் எடுத்துக் கொடுத்தார். மாமா போட்டுப் பார்த்துவிட்டு மறுநாளே திருப்பிக் கொடுத்தார். நகலில் அவள் திரும்பவில்லையாம்.

"கொஞ்ச நாள் பாக்காம இருங்களேன் மாமா" என்றான் பிரான்சிஸ்.

"இன்னுங் கொஞ்சந்தான்டா. கண்ணு வந்துரும்."

பார்த்தால் தேய்கிறது. பார்க்காவிட்டால் திரும்ப மாட்டாள். ஊருக்கெல்லாம் சினிமா சொல்லிக்கொடுத்த மனிதருக்கு இதற்கு வழி தெரியவில்லை. எனக்கும் தெரியாது.

கடைசி ராத்திரி பிரான்சிஸ் அதே ரோட்டில் வந்தான். நீல வெளிச்சம் இருந்தது. ஆனால் கிர்ர் இல்லை. டக் இல்லை. ஸ்ஸ்ஸ் என்று மழை பெய்கிற மாதிரி ஒரே சத்தம்.

டிவியில் வெறும் புள்ளிகள். கேசட்டின் நாடா அறுந்து, வெளியே வழிந்து, மாமாவின் கால் வரைக்கும் சுருண்டு கிடந்தது. மாமா நாற்காலியில் இருந்தார். உயிர் இல்லை. ஆனால் கழுத்து டிவி பக்கம் இல்லை... பின்னால், அடுப்படி பக்கம் திரும்பியிருந்தது. யாரோ கூப்பிடத் திரும்பின மாதிரி.

வீடு முழுக்க எலுமிச்சைச் சோற்று வாசனை. சுடச்சுட. அத்தை போனதிலிருந்து அந்த அடுப்பை யாரும் பற்றவைத்ததில்லை. மாமாவுக்கு மெஸ் சாப்பாடு.

மறுநாள் அடக்கம். வழக்கப்படி பெட்டியைச் சாய்த்து வைத்தார்கள். குடும்பம் சுற்றி நின்றது. "எல்லாரும் கேமராவப் பாருங்க" என்றார் போட்டோக்காரர்.

போட்டோ கழுவி வந்தது. எல்லோரும் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்வரிசையில் ஒருத்தி மட்டும் முதுகு காட்டி நின்றாள். சுங்குடிச் சேலை. கொண்டை. கனகாம்பரம்.

"எந்த மரியாதகெட்டவடி இது, துட்டி வீட்டுல மொகத்தத் திருப்பிக்கிட்டு நிக்கிறது" என்று பெண்கள் ஒருவரையொருவர் கேட்டுச் சண்டைகூடப் போட்டார்கள். யாரென்று பிரான்சிஸுக்குத் தெரியும். போட்டோவை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டான்.

அவளைத் திரும்பு என்று சொல்ல வேண்டியவர் பெட்டிக்குள் இருந்தார். இனி யார் சொல்வது?

போன மாதம் பிரான்சிஸைப் பார்க்கப் போயிருந்தேன். மில் வேலைக்குப் போய் நாளாயிற்று. அவன் மனைவி ஷைனி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கொடைரோட்டில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். தலைமாட்டிலிருந்து போட்டோவை எடுத்தான். பின்வரிசையில் அந்த இடம் மட்டும், கட்டைவிரல் பட்டுப் பட்டு, வெளுத்துப்போயிருந்தது.

"தோடு தெரியுதுல்ல?" என்றான்.

எனக்குக் கொண்டைதான் தெரிந்தது. அதுவும் மங்கலாக. இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் முகத்தைப் பார்த்தேன்.

"சாப்ட்டியாடா?" என்று மட்டும் கேட்டேன்.

"இல்ல. அடுப்புப் பத்தவச்சே பத்து நாளாச்சு" என்றான்.

சரியென்று எழுந்து வாசலுக்கு வந்தேன். செருப்பை மாட்டக் குனிந்தபோது உள்ளேயிருந்து வந்தது... தாளித்த கடுகு. எலுமிச்சை. சுடச்சுட.