பத்தாம் நம்பர் பிளேடு

— நடக்காதுக்கா. பொமேரியனுக்கு மொட்ட அடிக்கிற வேலய இந்த பவானி பண்றதில்ல. நகம் வெட்டறேன், குளிப்பாட்டி விடறேன், அவ்ளோதான்.

— எம்மா பாப்பா, நாயிக்கு முடி வெட்டப்படும்னு போர்டுல எழுதிக்கீது. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுலேர்ந்து விசாரிச்சிகினு இந்த வெயில்ல நடந்து வந்திருக்கேன். இப்ப முடியாதுன்னா இன்னா அர்த்தம்?

— வெட்டறது வேற, மழிக்கிறது வேற. இந்த ஜாதி நாயிக்கு மேல்முடி ஒண்ணு, உள்முடி ஒண்ணு, ரெண்டு இருக்கு. ஒட்ட எடுத்துட்டா சிலதுக்கு திரும்ப ஒழுங்கா வளரவே வளராது. வெயிலு நேரா தோல்ல எறங்கும். அழகுக்காக அத பண்ணக் கூடாதுக்கா.

— அழகுக்கு எவ கேட்டா? அசிங்கமா ஆக்கி வுடுன்னுதான் கேக்கறேன். பெத்த தாயே பாத்தாலும் அடையாளம் தெரியக் கூடாது.

— என்னக்கா இப்படி பேசறீங்க? அது சரி, நாய எதுக்கு மீன் கூடையில வச்சிருக்கீங்க, சாக்கு வேற போட்டு மூடி? ஐயோ, முடி பூரா செதிளு!

— மீனு விக்கிறவ மீன் கூடையில தூக்காம பல்லக்குலயா தூக்குவா? நான் தேவனாம்பட்டினம் சௌந்தரம். கடலூர்ல எந்த தெருவுல வேணா கேளு, எம் மூஞ்சி தெரியாதவனுக்கும் எங் குரலு தெரியும்.

— அந்த குரல இங்க கொஞ்சம் கொறச்சிக்குங்க, நாயி மெரளுது. மேசை மேல ஏத்துங்க. மெதுவா. ஏய், இங்க பாரு, என்னப் பாரு... அக்கா, இது லில்லியாச்சே!

— இன்னாது?

— லில்லிக்கா. வாலு எப்படி ஆடுது பாருங்க. கடலூர் சக்கரபாணி சாரு குட்டி போட வச்சி விக்கிறாருல்ல, அவரு கொட்டகை நாயி. அங்க இருக்கிற அத்தனைக்கும் முடி வெட்டறது நாந்தான்.

— அடி ஆத்தா! இவ்ளோ தூரம் தப்பிச்சி வந்து அவன் வாசல்லயேவா வந்து நிக்கறேன்?

— வாசல் என்ன, நடு வீடுன்னே சொல்லலாம். இந்த கடை அவரு எடம். நீங்க நாய வச்சிருக்கீங்களே, அந்த மேசையும் அவரு போட்டுக் குடுத்ததுதான். உண்மைய சொல்லுங்கக்கா, திருடிட்டா வந்தீங்க?

— ஆமாண்டி, திருடிகினுதான் வந்தேன். எனக்கு வெக்கமில்ல. தெனம் காலையில அவன் கொட்டகைக்கு மீன் தல கொண்டாந்து போடறவ நான். பின்பக்கமா போயி பின்பக்கமா வந்துருவேன். இவள ஒரு நாளாவது கூண்டுக்கு வெளிய பாத்திருப்பனா? குட்டி போடுவா, கண்ணு தொறந்ததும் குட்டிய வித்துருவான், மறுபடி கடுவனோட சேத்து வுடுவான். போன ஈத்துல வயித்த கிழிச்சிதான் எடுத்தாங்க. இன்னொரு தரம் செனையானா தாயி தங்காதுன்னு டாக்டரு சொன்னத எங் காதால கேட்டேன். நாளைக்கு பாண்டிச்சேரியிலேர்ந்து கடுவன் வருதாம். கைய கட்டிகினு நிக்கச் சொல்றியா?

— இருக்காதுக்கா. லில்லிக்கு ஓய்வு குடுத்துட்டேன், இனிமே அது மகராசின்னு எங்கிட்ட சொன்னாரே.

— உங்கிட்ட சொன்னான். கடுவங்கிட்ட சொன்னானா?

— நீங்க என்ன சொன்னாலும் அடுத்தவங்க நாயி. நான் அவருக்கு போன் பண்ணித்தான் ஆவணும்.

— பண்ணு தாயி, பண்ணு. அதுக்கு மின்ன அந்த வயித்த ஒரு தரம் மல்லாத்திப் பாத்துட்டு பண்ணு.

— லில்லி, காட்டு. ஒண்ணும் பண்ணமாட்டேன், காட்டும்மா... கடவுளே! தையல் எடம் இன்னும் செவந்து கெடக்குதே. காம்பு பூரா புண்ணு. அக்கா, ஒவ்வொரு ஈத்துக்கு முன்னாடியும் இந்த வயித்து முடிய எடுத்து விடறவ நான். இந்த தடவ கொண்டாரவே இல்ல. கேட்டதுக்கு, முடி கொட்டற சீசன், அப்பறம் பாத்துக்கலாம்னாரு.

— கொண்டாந்தா மறுபடி செனையா இருக்கிறத நீ பாத்துருவல்ல.

— பாவி மனுஷன். எங்கிட்டயே பொய் சொல்லியிருக்காரு. இத எங்க கொண்டு போறீங்க?

— திருமுல்லைவாசலு. எம் பொண்ண அங்கதான் குடுத்திருக்கேன். இங்கேர்ந்து சீர்காழி பஸ்ஸு ஏறினா போதும். ஏறத்தான் முடியல. வர்ற பஸ்ஸுல பக்கத்து சீட்டு புள்ள ஒருத்தன் போன நீட்டறான். பாத்தா இவ போட்டோ! வெள்ள வெளேர்னு, பொசுபொசுன்னு, காணோம்னு ஊருக்கே அனுப்பி வச்சிருக்கான். கூடை எங் காலுக்கடியில. நான் மூச்சு வுடல. இவளும் வுடல, புண்ணியவதி.

— எனக்கும் வந்திருக்குக்கா, இப்பதான் பாக்கறேன். ஐயையோ, அவரே கூப்பிடறாரு!

— எடுக்காத பாப்பா, எடுக்காத!

— எடுக்கலன்னாதான் சந்தேகம் வரும். சும்மா இருங்க. வணக்கம் சார்... ஆமா சார், போட்டோ பாத்தேன்... இல்ல சார், இங்க யாரும் கொண்டாரல... கொண்டாந்தா ஒங்களுக்கு சொல்லாமயா... அப்படியா சார்?... சரிங்க சார், வாங்க.

— வாங்கவா? வெத்தல பாக்கு வச்சி கூப்புடறியே!

— அவரு எடத்துக்கு அவரு வர்றாரு, வராதீங்கன்னா சொல்ல முடியும்? சிதம்பரத்துலதான் இருக்காராம். மாட்டாஸ்பத்திரியில போட்டோவ குடுத்துட்டு, நம்ம கதவுல ஒண்ணு ஒட்ட வர்றாராம்.

— அப்ப சாக்கக் குடு, நான் கெளம்பறேன். எனக்காக நீ மாட்டிக்காத.

— எங்க போவீங்க? மேல வீதி ஆட்டோக்காரங்க எல்லாரு போன்லயும் இந்த போட்டோதான் இருக்கும். உக்காருங்க சொல்றேன். இந்த முடி எறங்காம நீங்க படி எறங்க முடியாது.

— மொட்ட அடிக்கமாட்டேன்னியே?

— அழகுக்கு அடிக்கமாட்டேன்னேன், உசுருக்கு அடிப்பேன். தாடைக்கு கீழ கைய குடுத்து புடிங்க. அழுத்தாதீங்க, நாயிக்கு கழுத்து வலிக்கும்.

— அந்த தட்டு நெறைய இன்னா, சீப்பு சீப்பா?

— பிளேடுதான். நீங்க வர்ற வரைக்கும் அத சுத்தம் பண்ணிட்டிருந்தேன். பல்லு இடுக்குல இருக்கிற முடிய பிரஷ்ஷால தட்டி, பிளேடு கழுவற எண்ணெயில முக்கி மெஷின ஓட விட்டு, ஈரமில்லாம தொடச்சி, மெஷின் எண்ணெ ரெண்டு சொட்டு விட்டு வைக்கணும்.

— தேங்காண்ணெ வுட்டா ஆவாதா?

— பிசினு மாதிரி புடிச்சிக்கும்க்கா. அப்பறம் வெட்டாது, பிடுங்கும். அந்த பத்தாம் நம்பர எடுங்க, ஓரத்துல இருக்கு.

— பத்தா? ஒட்ட எடுக்கணும்னா இந்த நாலாம் நம்பரு இல்லியா? அதான சின்னது?

— தலகீழுக்கா. நம்பரு ஏற ஏற முடி கொறையும்.

— அட, எங்க தூண்டி முள்ளு கணக்கு! நம்பரு பெருசானா முள்ளு சிறுசு. எவனோ செம்படவந்தான் இந்த மெஷின கண்டுபுடிச்சிருக்கான்.

— அத அப்பறம் விசாரிப்போம். நாலுல பல்லு அகல அகலமா இருக்கு பாருங்க. இந்த சிக்குல விட்டா தோலையும் சேத்து கவ்விரும். பத்துல பல்லு நெருக்கம், சிக்குக்கு அடியில நொழைஞ்சி போவும். தையல் பக்கத்துல இத தவிர வேற எதையும் கொண்டு போவ மாட்டேன்.

— மொதல்ல குளிப்பாட்ட வேணாமா பாப்பா? செதிளா இருக்குன்னு கத்தினியே.

— வேணும். உப்பும் மணலும் செதிளும் இருக்கிற முடியில ஓட்டினா பிளேடு மொன்னையாயிரும். ஆனா குளிப்பாட்டினா காய வைக்கணும், ஈர முடி வெட்டுப்படாது. அதுக்கெல்லாம் நமக்கு நேரமில்ல. போனா போவட்டும்.

— இருக்கிறதுலயே பழச போடேன், நல்லத ஏன் கெடுக்கற?

— பழசு இழுக்கும். இத ஏற்கனவே எல்லாரும் இழுத்தது போதும்க்கா. பேசாம புடிங்க. லில்லி, சத்தத்துக்கு பயப்படாத. அவ்ளோதான், அவ்ளோதான்...

— ஆத்தாடி, எப்படி உரியுது! அடியில இன்னாடி, தோலு ரோஸா இருக்கு?

— சிக்குக்குள்ள காத்தே போகாம வெந்து போயிருக்கு. ஒரு நிமிஷம் இருங்க.

— ஏன் நிறுத்திட்ட?

— பிளேடு சூடாயிருச்சு. மணிக்கட்டுல வச்சி பாத்துட்டே இருக்கணும். எங்கிட்ட இன்னொரு பத்து இருக்கு, மாத்திக்கறேன்.

— அவன் வந்துருவான்டி! கொஞ்சம் சுட்டாத்தான் இன்னா?

— வரட்டும். போலீஸே வரட்டும். சுட்ட பிளேட இது மேல வைக்க மாட்டேன்.

— கோவப்படாத கண்ணு. பயத்துல ஒளறிட்டேன். அவனுக்கு தெரிஞ்சா ஒங் கடை?

— போவும். மெஷினு என்னுது, பிளேடு என்னுது. வேற தெருவுல வாடகைக்கு எடுத்து ஒக்காருவேன். காத திருப்புங்க, மூஞ்சிய எடுக்கறேன். வாலு ஒண்ணுதான் பாக்கி.

— எம் மாமனாரு மொட்ட போட்டு வந்தப்ப இப்படித்தான் இருந்தாரு. எலிக்குஞ்சு மாதிரி ஆயிட்டியேடி ராசாத்தி! சிரிப்பும் வருது, அழுகையும் வருது.

— ரெண்டையும் பஸ்ஸுல வச்சிக்குங்க. அலமாரியில வேப்பெண்ணெ பாட்டில் இருக்கு, பக்கத்துலயே மஞ்சத்தூளு. கொழச்சி ஒடம்பு பூரா பூசுங்க. தையல்ல மட்டும் படக் கூடாது. சொறி நாயிக்கு வைத்தியம் பண்ணின மாதிரி இருக்கும்.

— மூளக்காரிடி நீ! ஆமா, அவனப் பாத்து இவ வாலாட்டி காட்டிக் குடுத்துட்டா?

— அவர பாத்து இது என்னைக்குக்கா வாலாட்டியிருக்கு? ஒடுங்கித்தான் நிக்கும். ஐயோ, தரைய பாருங்க, வெள்ள முடி குமிஞ்சி கெடக்குது. வாரி சாக்குல அடைங்க. கார் சத்தம் கேக்குது. சாக்குமேல ஒக்காருங்க, ஒக்காருங்க!

— பவானி! என்னம்மா இது, உள்ள நுழைய முடியல, இப்படி நாறுது?

— வாங்க சக்கரபாணி சார். வேப்பெண்ணெ வாசன சார்.

— மீன் நாத்தமும்ல சேந்து அடிக்குது. யாரு, சௌந்தரமா? நீ எங்க இங்க?

— பொண்ண பாக்கப் போறேன் சார். எங்க படகுத்துறை நாயி, சொறி புடிச்சி சாவக் கெடந்துது. இந்த பாப்பாகிட்ட காட்டிட்டு போலாம்னு.

— ஏன் சௌந்தரம், காலையில நீ தல போட வந்தப்ப எங்க லில்லி கூண்டுல இருந்துதா?

— இருந்துச்சி சார். என்னப் பாத்து எழுந்து நின்னுச்சி. பொய் சொல்ல மாட்டேன்.

— யாரோ தெரிஞ்சவன்தான் தூக்கியிருக்கான். என் கொட்டகைக்கே ராணி அது. நாளைக்கு ஆள் வரச் சொல்லி வச்சிருக்கேன், என் மானமே போகுது. பவானி, இந்த போட்டோவ கதவுல ஒட்டு. ஆமா, இந்த சனியன் ஏன் என்னப் பாத்து இப்படி நடுங்குது?

— குளுருது சார், முடி இல்லல்ல.

— இரு, இரு. இந்த கண்ணு... இந்த கண்ண எங்கயோ பாத்திருக்கேனே.

— கிட்ட போவாதீங்க சார்! சொறி சட்டையில ஒட்டிக்கும். அதே சட்டையோட கொட்டகைக்கு போனீங்கன்னா ஒரு நாயி மிஞ்சாது.

— ச்சீ! இதையெல்லாம் ஏம்மா கடைக்குள்ள விடற? ஏய் ஆட்டோ, இப்படி வாப்பா! காச நான் தர்றேன், இந்தம்மாவையும் இந்த நாயையும் ஏத்திட்டு போயி எங்கயாவது தூர பஸ்ஸுல ஏத்தி விடு. எங்க லில்லி கெடச்சி வந்தா அதுக்கு ஒட்டிக்கப் போவுது.